கேள்விக்குறி போட்ட உத்தரவு

ஜூன் 3, செவ்வாய்

என் பெயர் ரெஜினா. ஞானஸ்நானம் கொடுத்த நாளிலிருந்து அதுதான் பெயர். ஆனால் அதை என் முகத்துக்கு நேரே யாரும் முழுசாகச் சொல்லி வெகு காலம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் நான் மேடம். சொந்தபந்தத்தில் பெரியம்மா, சித்தி, மதினி. வீட்டுக்காரர் அருளப்பன் பாதியில் நிறுத்தி ‘ரெஜி’ என்பார். இன்று காலை லேப்டாப்பில் முதன்முதலாக முகம் காட்டிய ஒரு பையன், தாடியைத் தடவிக்கொண்டே, “வாங்க ரெஜினா, எப்படி இருக்கீங்க?” என்றான். பெயர் ஷ்ரவண், ஊர் சென்னை. இந்தப் படிப்பு முடியும் வரை அவன்தான் எனக்கு வழிகாட்டி. புனேயில் இருக்கிற என் மகனைவிடச் சின்னவன்.

இந்தப் படிப்பில் எல்லாரும் சமமாம். அதனால் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டுமாம். எனக்குக் காது சூடாகிவிட்டது.

ஏப்ரலில் ரிட்டையர் ஆனேன். திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருந்தவள், வீட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அப்போது நிர்வாகி ஜெயசீலன் சார் போன் செய்தார். வார்டு பொறுப்பு நர்ஸுகள் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போகிறார்கள், அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு கோச் வேண்டும், நீங்களே வரலாம், ஆனால் முறையான சர்டிபிகேட் இருக்க வேண்டும் என்றார். என் சர்வீஸ் போதாதா என்றேன். போதாது மேடம் என்றார். சரி, பார்த்துவிடலாம் என்று சேர்ந்துவிட்டேன்.

முதல் வகுப்பிலேயே குண்டைப் போட்டான் ஷ்ரவண். கோச் என்பவர் அறிவுரை சொல்லக் கூடாதாம். கேள்வி கேட்கலாம், காத்திருக்கலாம். எதிரே இருப்பவர் தன் முடிவைத் தானே கண்டுபிடிப்பாராம். மீன்காரியிடம் மீனைத் தவிர எதை வேண்டுமானாலும் விற்றுக்கொள் என்றால் அவள் என்ன செய்வாள்?

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் என் சுகர் ரிப்போர்ட் வாங்கி வந்தேன். போன வழியில் லேபர் வார்டை எட்டிப் பார்த்தேன். பெண் குழந்தை. நல்ல குரல்.

ஜூன் 5, வியாழன்

வீட்டுப் பாடம்: யாராவது ஒருவரோடு அரைமணி நேரம் பயிற்சிப் பேச்சு. கைக்குக் கிடைத்தவர் அருளப்பன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற மனிதர். அவரைச் சோபாவில் உட்காரவைத்து, உங்கள் வாழ்க்கையில் எதை மாற்ற விரும்புகிறீர்கள் என்று கேட்டேன்.

நெடுநேரம் விட்டத்தைப் பார்த்தார். பிறகு, “ராச்சாப்பாட்ட எட்டு மணிக்கு வெச்சுக்கலாமா?” என்றார்.

ஏழு மணிக்குச் சாப்பிட்டால்தான் மருந்துக்குச் சரியாக இருக்கும், செரிக்கும், பாத்திரமும் கழுவி முடிந்துவிடும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். பேச்சு நல்லபடியாக முடிந்தது என்று குறித்துக்கொண்டேன்.

ஜூன் 14, சனி

இன்று எல்லார் முன்னாலும் என்னையே உட்காரவைத்துப் பயிற்சி காட்டினான் ஷ்ரவண். “உங்களுக்கு என்ன வேணும், ரெஜினா?” என்றான். சர்டிபிகேட் வேண்டும் என்றேன். அது கிடைச்ச பிறகு என்றான். வேலைக்குப் போவேன் என்றேன். “அதுல உங்களுக்கு என்ன வேணும்?” என்றான். பிறகு பேசவே இல்லை. நெட் போய்விட்டதா என்று கேட்டேன். இருக்கு, காத்துக்கிட்டிருக்கேன் என்றான்.

ஒருவர் பேசாமல் இருந்தால் எனக்கு ஆகாது. வார்டில் பேசாத நோயாளி என்றால் உடனே நாடி பிடித்துப் பார்ப்போம். எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்று சொல்லி முடித்தேன். சொல்லிவிட்டு இரண்டு தடவை இருமினேன். ஏசியைக் குறைக்க வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

பி.எஃப். விஷயமாக ஒரு கையெழுத்து என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். குடையை மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். நாளை போய் எடுத்து வர வேண்டும்.

ஜூன் 18, புதன்

குடை கிடைத்தது. லேபர் வார்டில் இரட்டை. இரண்டும் ஆண்.

கணக்கு அலுவலகத்தில் விட்ட குடை லேபர் வார்டுக்கு எப்படிப் போனது என்று அருளப்பன் கேட்டார். இவருக்கு இப்போதுதான் வாய் முளைக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

சர்டிபிகேட்டுக்கு உண்மையான ஆட்களோடு பேசிப் பழக வேண்டும். கடைசியில் ஒரு முழுப் பேச்சைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். முன்பின் தெரியாத யாரோ அதைக் கேட்டு மார்க் போடுவார்கள். அதில் தேறினால்தான் கோச்.

ஆளுக்கு அலைய வேண்டியதில்லை. சுகந்தி இருக்கிறாள். லேபர் வார்டு பொறுப்பு நர்ஸ். இருபத்திரண்டு வயதில் என்னிடம் வந்தவள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஊசி போடுகிற கையும் சரி, கணக்கும் சரி, சுத்தம். என் நாற்காலிக்கு இவள்தான் என்று ஜெயசீலன் சாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். அவரும் சரி என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். இவளோ பிடி கொடுக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தன்னம்பிக்கை போதாது. அதைத் தூக்கிவிட்டால் போதும். அவளுக்கு நாற்காலி, எனக்குச் சர்டிபிகேட்.

மாலையில் வந்தாள். பதிவு செய்வதற்கும், அதை மார்க் போடுபவர்கள் கேட்பதற்கும் சம்மதம் கேட்டேன். சரிங்க மேடம் என்றாள். உட்காரச் சொன்னேன். சோபாவின் விளிம்பில், விழுந்துவிடுவாளோ என்று நான் பயப்படுகிற அளவுக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அருளப்பன் காபி கொண்டுவந்ததும் எழுந்து நின்றுவிட்டாள்.

அவள் பேசுவது வெளியே போகக் கூடாது என்பது விதி. அதனால் அருளப்பனைத் தெருமுனைக்கு அனுப்பிவிட்டேன். இங்கே எழுதுவதை அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கும் சரிங்க மேடம் என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

வெற்றி. கேள்விகளாகவே கேட்டேன். ஓர் அறிவுரைகூடச் சொல்லவில்லை. ‘இந்தப் பதவி வந்தால் உன் பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு நல்லது என்று யோசித்தாயா?’ ‘இத்தனை வருஷ உழைப்பை வீணாக்குவது சரியா?’ ‘தைரியமாக ஒரு காலடி எடுத்துவைத்தால் என்ன?’ கடைசிக் கேள்விக்கு அவள் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, “சரிங்க மேடம், ஏத்துக்கறேன்” என்றாள்.

அவள் கண்கூடக் கலங்கியது. சந்தோஷத்தில் அப்படித்தான் ஆகும். ரவை வறுத்துக் கேசரி கிண்டினேன். அருளப்பன் இரண்டாவது கரண்டிக்குத் தட்டை நீட்டியபடி, “அந்தப் புள்ள ஏன் கேசரிய தொடவே இல்ல?” என்றார். சுகந்திக்கு இனிப்பு பிடிக்காது போலிருக்கிறது.

பதிவை ஷ்ரவணுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜூலை 9, புதன்

பதிவைக் கேட்டுவிட்டு ஷ்ரவண் கூப்பிட்டான். கொஞ்சம் சுற்றி வளைத்தான். பேச்சை எழுத்தில் எடுத்து வைத்திருந்தான். அதில் நான் பேசியதுதான் பக்கம் பக்கமாக இருந்தது. சுகந்தி பேசியது அநேகமாக இரண்டே வார்த்தை: சரிங்க மேடம்.

நான் ஓர் அறிவுரையும் சொல்லவில்லையே, எல்லாம் கேள்விதானே என்றேன்.

“அது கேள்வி இல்ல ரெஜினா. கேள்விக்குறி போட்ட ஆர்டர்” என்றான்.

இதை மார்க் போட அனுப்பினால் நிச்சயம் தேறாது என்றான். இன்னொன்றும் சொன்னான். சுகந்தி உங்களுக்கு என்ன வேண்டும் என்று கண்டுபிடித்து அதைச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு என்ன வேண்டும் என்று இதுவரை யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்றான்.

எனக்குத் தெரியாதா? அவளை இருபத்திரண்டு வயதிலிருந்து எனக்குத் தெரியும். லேப்டாப்பைச் சற்றுப் பலமாகவே மூடிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. அலமாரியைச் சுத்தம் செய்தேன்.

ஜூலை 11, வெள்ளி

யோசித்துப் பார்த்தேன். மேடம் கேட்டால் வேண்டாம் என்று நம் ஊரில் எவள் சொல்வாள்? நான் சின்ன நர்ஸாக இருந்தபோது, எனக்கு மேலே இருந்த மேட்ரன் அம்மா “உனக்கு நைட் டூட்டி பிடிக்கும்தானே?” என்று கேட்டால், ரொம்பப் பிடிக்கும் என்றுதான் நான் சொல்லியிருக்கிறேன். பையன் சொன்னதில் விஷயம் இருக்கிறது. ஆனால் எனக்கு அவன்மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

சுகந்திக்குப் போன் செய்து, ஜெயசீலன் சாரிடம் இப்போதைக்கு எதுவும் சொல்ல வேண்டாம், இன்னொரு முறை பேசுவோம் என்றேன். சரிங்க மேடம் என்றாள். வழக்கத்தைவிட வேகமாகச் சொன்னாள்.

ஜூலை 19, சனி

புது முயற்சி. மேடம் என்பதுதானே இடைஞ்சல்? என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றேன் சுகந்தியிடம். முகம் வெளிறிவிட்டது. “ரெ...” என்று ஆரம்பித்தாள். தண்ணீர் கேட்டாள். அதற்குப் பிறகு எப்படிக் கூப்பிடுவது என்ற கவலையிலேயே வாக்கியத்தை ஆரம்பிக்க முடியாமல் தவித்தாள். பேச்சு படுத்துவிட்டது.

சரி, அக்கா என்று கூப்பிடு என்றேன். அதற்கு அவள் முகம் மலர்ந்தது. மடமடவென்று மாமியார் மூட்டுவலி, மகளின் கணக்கு மார்க், வீட்டுக்காரரின் பைக் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆகா, திறந்துகொண்டது என்று நான் நிமிர்ந்து உட்காரும்போது, “இப்ப நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்கக்கா” என்றாள். மேடம் என்றால் நான் சொல்வதைச் செய்வாள். அக்கா என்றால் நான் சொல்லாமல் நகர மாட்டாள். நம் பாஷையில் ஒருவரை ஒருவர் கூப்பிட்ட உடனேயே யார் சொல்வது, யார் கேட்பது என்பது முடிவாகிவிடுகிறது. ஷ்ரவண் படித்த புத்தகத்தில் இதற்கு வழி இல்லை.

வீட்டுக்கு வெளியே அருளப்பன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, பழைய பணிமனைச் சேக்காளியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். பேசுவது என்றால், அந்தப் பக்கம் இருப்பவர்தான் பேசுவார். இவர் அவ்வப்போது “அப்புறம்?” என்பார். திரும்ப “அப்புறம்?” என்பார். இப்படியே ஒரு மணி நேரம் ஓட்டுவார். அப்படி என்னதான் பேசினீர்கள் என்று கேட்டால், அவன் மகன் விஷயமா ஒரு முடிவுக்கு வந்துட்டான் என்பார். அந்த மனிதர் தினமும் இவருக்குத்தான் போன் செய்கிறார். ஏன் என்று எனக்கு விளங்குவதில்லை.

ஜூலை 28, திங்கள்

ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள ஆஸ்பத்திரிக்குப் போனேன். (வீட்டில் மெஷின் இருக்கிறது. ஆனால் அதை நம்ப முடியாது.)

லேபர் வார்டு வராந்தாவில் நின்றபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. யாரையோ அதட்டுகிறது, கூடவே சிரிக்கிறது. வலியில் கத்துகிற பெண்ணிடம், கத்து தாயி, நல்லா கத்து, மாமியா பேரச் சொல்லிக் கத்து என்கிறது. அந்தப் பெண் வலியோடு சிரிக்கிறாள். யாரடா இது புது ஆள் என்று பார்த்தால், சுகந்தி. இந்தக் குரல் என் வீட்டுக்கு வந்ததே இல்லை. வராந்தாவில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். காயத்துக்கு வைத்துக் கட்டுகிற வலைத்துணியை காஸ் என்போம். இப்போதெல்லாம் வெட்டி மடித்து, பாக்கெட்டில் போட்டே வந்துவிடுகிறது. இந்த வாரம் பாக்கெட் வரத் தாமதமாம். அதனால் நர்ஸுகள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அந்தக் காலத்து மாதிரி சுருளை விரித்துக் கையால் வெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். கண் எல்லாம் துணியில், வாய் எல்லாம் பேச்சில். பயிற்சிக்கு வந்த பொடிசு ஒன்று, மூத்த நர்ஸ் ஒருத்தியைப் பார்த்து, நேத்து நீங்க செஞ்சது தப்பு சிஸ்டர் என்கிறது. அவள் மடித்துக்கொண்டே, ஆமாண்டி தப்புதான் என்கிறாள். என்னைக் கண்டதும் கப்சிப்.

நாங்களும் அப்படித்தான். மேட்ரன் அம்மாவிடம் நான் ஒரே ஒரு தடவை எதிர்த்துப் பேசியிருக்கிறேன். அது காஸ் மடிக்கும்போதுதான். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வரும் வழியில் மெடிக்கலில் ஒரு சுருள் காஸ் வாங்கினேன். வீட்டில் யாருக்கு என்ன காயம் என்று அருளப்பன் பதறினார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம் பக்கம் கால் வைக்க இடமில்லையாம். சுகந்தி விடிகாலையிலேயே காவிரிக்குப் போய்ப் படையல் போட்டுவிட்டு, கழுத்தில் புது மஞ்சள் கயிறும் கையில் புளிசாதத் தூக்குமாக வந்தாள். நாளை அவள் ஜெயசீலன் சாருக்குப் பதில் சொல்ல வேண்டும். எனக்கும் பதிவை இந்த வாரமே அனுப்பியாக வேண்டும்.

சோபாவுக்கு அழைத்துப் போகவில்லை. சாப்பாட்டு மேஜையில் பழைய வெள்ளை வேட்டியை விரித்து, காஸ் சுருளையும் இரண்டு கத்தரிக்கோலையும் வைத்திருந்தேன். எதிரெதிராக இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி. போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் பதிவை ஓடவிட்டேன். எதுக்கு மேடம் இவ்வளவு என்று கேட்டாள். மடிச்சு வைப்போம், உங்கள் வார்டுக்கு ஆகும் என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். என் வீட்டில் அவள் அப்படி உட்கார்ந்து இன்றுதான் பார்க்கிறேன்.

கொஞ்ச நேரம் வெட்டினோம், மடித்தோம். ஓரத்து நூல் வெளியே தெரியாமல் உள்ளே மடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காயத்தில் ஒட்டிக்கொள்ளும். அவள் கை என் கையைவிட வேகம். இன்று எதைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டேன். அவள் துணியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்த சீட்டு எனக்கு வேணாம் மேடம்.”

என் கத்தரிக்கோல் பாதியில் நின்றது. வாய் வரைக்கும் எத்தனை வந்தது தெரியுமா! நிலையான டூட்டி நேரம், ஞாயிறு லீவு, பிள்ளைகளின் படிப்பு, உனக்காக நான் எழுதிக் கொடுத்தது. எல்லாவற்றையும் விழுங்கினேன். நல்ல கேள்வியாக ஒன்று தேடினேன். பயிற்சியில் எழுதிக்கொண்ட கேள்வி ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. கடைசியில் வந்தது என் வீட்டுக்காரருடையது.

“அப்புறம்?”

“அந்த ரூம்ல உக்காந்தா புள்ள அழுவுற சத்தம் கேக்காது மேடம். அது கேக்கலன்னா நான் எதுக்கு நர்ஸா இருக்கணும்னு தோணுது.”

இன்னொரு துண்டை மடித்து அடுக்கினேன். “அப்புறம்?”

இந்தத் தடவை அவள் கொஞ்சம் தயங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

“நீங்களும்தான் மேடம். மத்தியானம் சாப்பிட்டதும் நேரா எங்க வார்டுக்குத்தான் வருவீங்க. ரிஜிஸ்டர் பாக்கணும்பீங்க. ஒருநா நாங்க போன வருசத்து ரிஜிஸ்டர நீட்டினோம், அதுலயும் கையெழுத்துப் போட்டுட்டீங்க. அப்புறம் ஒரு புள்ளையத் தூக்கிட்டு ஜன்னல்கிட்ட போய் நிப்பீங்க. உங்களுக்குன்னே ஒரு புள்ளையக் குளிப்பாட்டி, தொடச்சு, ரெடியா வெச்சிருப்போம். எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்.”

நான் ஒன்றும் கேட்கவில்லை. காத்திருப்பது எப்படி என்று பாடத்தில் படித்ததால் அல்ல, குரல் வராததால். பதினான்கு வருஷம் லேபர் வார்டில் இருந்தேன். பிறகு நாற்காலி கொடுத்தார்கள், போனேன். வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. என்ன வேண்டும் என்று என்னை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. இது எல்லாமே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த வார்டில் இருந்த பொடிசுகள் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

எவ்வளவு நேரம் அப்படி மடித்துக்கொண்டிருந்தோம் என்று பதிவைக் கேட்டால்தான் தெரியும். மேஜையில் வெள்ளைத் துண்டுகள் இரண்டு வரிசையாக உயர்ந்துவிட்டன. கடைசியில், ஜெயசீலன் சாரிடம் இதை எப்படிச் சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். கேள்விக்குறிக்குப் பின்னால் ஒன்றையும் ஒளித்து வைக்காமல் கேட்டேன். அவள் எல்லாம் யோசித்து வைத்திருந்தாள். நாளை காலை டூட்டிக்குப் போகும் முன்பே நேரில் போய்ச் சொல்வாளாம். தனக்குப் பதில் சர்ஜிக்கல் வார்டு பிரிசில்லாவின் பெயரைச் சொல்வாளாம். பிரிசில்லாவுக்கு அந்த நாற்காலிமேல் ரொம்ப நாள் ஆசையாம், நிர்வாகப் படிப்பும் தபாலில் முடித்திருக்கிறாளாம்.

எனக்குப் பிரிசில்லாவைக் கண்டாலே ஆகாது. அதை நான் சொல்லவில்லை. சர்டிபிகேட் கிடக்கட்டும், இதற்கே எனக்கு ஒரு பதக்கம் தர வேண்டும்.

போகும்போது வாசலில் நின்று, “கோவமா மேடம்?” என்றாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

தெருமுனையிலிருந்து அருளப்பன் எட்டிப் பார்த்து, வரலாமா என்று கைகாட்டினார். புளிசாதத்தை இரண்டு பேரும் தூக்கோடு வைத்துச் சாப்பிட்டோம். சாயங்காலம், ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு வைக்கட்டும் என்று அவரிடம் கேட்டேன். என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

சுகந்தியிடமிருந்து மெசேஜ்: சொல்லிவிட்டாளாம். ஜெயசீலன் சார் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம், பிறகு பிரிசில்லாவைக் கூப்பிட்டனுப்பினாராம். கீழே இன்னொரு வரி: மடித்த காஸை வார்டில் கொடுத்துவிட்டேன் மேடம், ஸ்டெரிலைஸுக்குப் போட்டாயிற்று.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு. பசி தாங்கவில்லை, ஆனாலும் நன்றாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பதிவை அனுப்பிவிட்டேன். அனுப்பும் முன் ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன். ‘எங்க எல்லாருக்கும் தெரியும் மேடம்’ வரைக்கும் கேட்டேன். அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

மார்க் போடுபவர் யாரோ, எந்த ஊரோ. தோற்றுப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சுகந்தி என்னிடம் அப்படிப் பேசியது பேசியதுதான், அதை யாரும் திருப்பி வாங்க முடியாது என்று சொல்லிக்கொண்டேன். ஆனாலும் பயமாக இருக்கிறது. எனக்கு அந்தச் சர்டிபிகேட் வேண்டும். ரொம்ப வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவி உடுத்தி எங்கள் தெரு வழியாகப் போக ஆரம்பித்துவிட்டார்கள். வாசலில் மோர்ப் பானை வைத்தேன். ஒரு பெண் கால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தாள். மிச்சமிருந்த காஸை வைத்துக் கட்டிவிட்டேன். எந்த ஊர் என்று கேட்டேன். அதற்கு அவள் தன் கதை முழுவதையும் சொன்னாள். நான் அப்புறம் என்று மட்டும் சொன்னேன். எழுந்து போகும்போது, நல்லா வழி சொன்னீங்கம்மா என்று கும்பிட்டாள். நான் ஒரு வழியும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தேறிவிட்டேன்.

மெயிலை அருளப்பன்தான் படித்துச் சொன்னார். எனக்குக் கண்ணாடி எங்கே என்று தெரியவில்லை, நெற்றிமேல்தான் இருந்தது. கேள்விகள் எளிமையாக இருந்தனவாம். மௌனத்துக்கு நல்ல இடம் கொடுத்தேனாம். கடைசியில் ஒரு குறை: பின்னணியில் விடாமல் கத்தரிக்கோல் சத்தம் கேட்டதாம். இனிமேல் அமைதியான இடத்தில் பதிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள்.

‘அப்புறம்’ என்பது யாருடையது என்று அருளப்பனிடம் சொன்னேன். அப்படியா என்றார். ஆனால் சேக்காளியின் போன் வந்ததும், வீட்டுக்குள் எனக்குக் கேட்கிற மாதிரி நின்று கொஞ்சம் சத்தமாகவே “அப்புறம்?” என்றார்.

ஷ்ரவண் கூப்பிட்டு, “வாழ்த்துகள் ரெஜினா மேடம்” என்றான். இத்தனை நாள் இல்லாத மரியாதை. ரெஜினா போதும் என்றேன். காது சூடாகவில்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஜெயசீலன் சார் நிர்வாகக் கட்டடத்தில் எனக்கு ஓர் அறை காட்டினார். மூன்றாவது மாடி, புது ஏசி, என் பழைய அறைக்குப் பக்கத்து அறை. ஜன்னல் வழியே மலைக்கோட்டை தெரிகிறது. வேறு ஏதாவது வேண்டுமா மேடம் என்றார்.

சும்மா மரியாதைக்குக் கேட்டார். ஒன்றும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவருக்கும் வேலை மிச்சம். வாய் திறந்துவிட்டேன்.

“லேபர் வார்டுக்கு அடுத்தாப்ல, துணி அடுக்கி வைக்கிற ரூம் ஒண்ணு சும்மாதான கெடக்கு. எனக்கு அது வேணும் சார்.”

அங்கே ஏசி இல்லையே, ஒரே சத்தமாக இருக்குமே, பேசுவதற்கு அமைதி வேண்டாமா என்றார். இருக்கட்டும் சார் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். படிக்கட்டு இறங்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செப்டம்பர் 8, திங்கள்

மாதா பிறந்தநாள். காலைப் பூசை முடிந்து நேரே வேலைக்குப் போனேன். அறையில் ஒரு மேஜை, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நாற்காலி, ஒரு காஸ் சுருள், இரண்டு கத்தரிக்கோல்.

முதல் ஆள் யாரென்று நினைக்கிறீர்கள்? பிரிசில்லா. புது சூப்பரிண்டெண்ட். வந்து உட்கார்ந்ததும், ரெண்டு வார்டுல லீவு லிஸ்ட் தகராறு, என்ன செய்யணும்னு நீங்களே சொல்லிருங்க மேடம் என்றாள். எனக்குப் பதில் தெரியும். இதே தகராறை எத்தனை தடவை தீர்த்திருக்கிறேன். நாக்கு நுனியில் வந்து நின்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீல் என்று ஆரம்பித்தது. கத்தரிக்கோலை அவள் பக்கம் தள்ளினேன். போகும்போது அவள் ஏதோ ஒரு முடிவோடுதான் போனாள். நான் நினைத்த முடிவு இல்லை. என்னுடையதைவிட மோசமும் இல்லை.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். சுகந்தி கதவுக்குள் தலையை மட்டும் நீட்டினாள்.

“மேடம், ரிஜிஸ்டர் பாக்க வரீங்களா?”

போனேன். குளிப்பாட்டித் துடைத்து வைத்திருந்தார்கள். ஆண் குழந்தை, தலை நிறைய முடி. ஜன்னல் பக்கம் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். ரிஜிஸ்டரை யாரும் எடுத்து வரவில்லை, நானும் கேட்கவில்லை.